பத்து வயதுக்கு உட்பட்ட கை

போன மாதம் எங்கள் ஊரப்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்துக்குக் குலுக்கல் நடந்தது. வீடு இருபத்துநான்கு, இடம் பதினாறு. அதற்காக மூன்று வாரம் வாட்ஸ்அப்பில் நடந்த சண்டையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். கடைசியில் சங்கத்துத் தலைவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து வைத்து, “பத்து வயசுக்குள்ள இருக்கற குழந்தை யாராவது வாங்க. பத்து தாண்டினா செல்லாது” என்று அறிவித்தார்.

“அது என்ன சார் கணக்கு, பத்து?” என்று புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டார்.

“தாம்பரம் பக்கத்துல அப்படித்தான் சார். ரொம்ப நாளா இருக்கற ரூல்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு கண்ணும் கலங்கியதால், தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன். அந்த விதி எந்தத் தெருவில் எந்தத் தண்ணீர் லாரிக்கு முன்னால் யார் வாயால் பிறந்தது என்பது எனக்குத் தெரியும். யாருக்காகப் பிறந்தது என்பது மட்டும் மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது.

என் அம்மா ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. சாயங்காலங்களில் கட்சிக்காரி. காலையில் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறிப் போவாள். மாலையில் இறங்கியதும் வீட்டுக்கு வராமல் நேராகத் தெருமுனைக் கூட்டத்துக்குப் போவாள். லேபில் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு உண்டு. அது அவள் புடவையிலேயே குடியிருக்கும். கூட்டத்தில் அவள் பக்கத்தில் உட்காரும் பெண்கள் முதலில் சாக்கடையைத் திட்டுவார்கள், பிறகு மெல்ல நகர்ந்து உட்காருவார்கள். ஏதோ ஒரு ரசாயனம் பட்டு அவள் விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். “டீச்சரு வருஷம் பூரா ஓட்டு போட்டுக்கினே கீறாங்கபா” என்று கட்சிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். பேராசிரியை என்று அங்கே யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அவள் டீச்சர்தான்.

இருபது வயதில் சேர்ந்த கட்சி. அத்தனை வருட உழைப்புக்கு மேடையில் அவளுக்குக் கிடைத்தது நன்றியுரை. பெரியவர்கள் எல்லாரும் பேசி, கூட்டம் கலைந்து, மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா பேசுவாள். நானும் அப்பாவும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவோம். பல நாள் அந்த வரிசையில் நாங்கள் இருவர் மட்டுமே இருப்போம்.

அம்மாவின் வேலையில் எனக்குப் பிடித்தது உப்புதான். செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு சின்னப் பொட்டலத்தில் உப்பு கொடுப்பார்கள். சமையல் உப்பு அல்ல. பெயர் சொல்லாத ஏதோ ஒரு பொடி. மூன்று மணி நேரத்துக்குள் கரைத்து, காய்ச்சி, மோந்து, தீயில் காட்டி அது இன்னது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் அம்போ.

“பார்த்தா எல்லாம் வெள்ளையாத்தானே இருக்கு, எப்படிம்மா கண்டுபிடிப்பாங்க?” என்று நான் நச்சரித்ததில், ஒருநாள் அம்மா சமையலறையில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, ஒரு சிட்டிகை உப்பைத் தீயில் தூவினாள். நீலத் தீ குப்பென்று மஞ்சளானது. “உள்ள சோடியம் இருக்கு. என்னதான் வெள்ளையா வேஷம் போட்டாலும் நெருப்புல விழுந்தா உண்மையைச் சொல்லிடும்” என்றாள். அதற்குப் பிறகு சர்க்கரை, கோலமாவு, அப்பாவின் பல்பொடி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் நான் தீயில் தூவி, பர்னர் அடைத்துக்கொண்டு, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாளில் கல்லூரி லேபுக்கே கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீர்போல இருந்த இரண்டு திரவங்களை ஒன்றாக ஊற்றினாள். பளிச்சென்று மஞ்சள் பொங்கியது. சூடாக்கினாள், மஞ்சள் காணாமல் போனது. குழாய்த் தண்ணீரில் கண்ணாடிக் குழாயைக் காட்டினாள். அடேயப்பா! ஒன்றுமில்லாத தண்ணீருக்குள்ளிருந்து தங்கப் பொடி பொடியாக மினுமினுத்துக்கொண்டே கீழே இறங்கியது. “இதுக்குப் பேர் என்னம்மா?” என்று கத்தினேன். லெட் நைட்ரேட்டுக்குத்தான் இப்படி வரும் என்றாள். என் வகுப்பில் மற்றவர்கள் நடிகர் பெயரை நோட்டுக்குப் பின்னால் எழுதிக்கொண்டிருந்த வயதில் நான் லெட் நைட்ரேட் என்று எழுதி வைத்திருந்தேன்.

எந்த மாணவிக்கு எந்த உப்பு என்று முடிவு செய்வது அம்மாவின் பொறுப்பு. கட்சிக் குடும்பத்துப் பெண்களுக்கு அவள் சுலபமான உப்பாகப் பார்த்துக் கொடுக்கிறாள் என்று ஒருமுறை கல்லூரியில் யாரோ கிளப்பிவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இரண்டு எவர்சில்வர் டம்ளரை என் முன்னால் வைத்தாள். ஒன்றில் மாணவிகளின் எண்கள், இன்னொன்றில் உப்புகளின் பெயர்கள், எல்லாம் சுருட்டின துண்டுக் காகிதத்தில். “என் கை எடுத்தா அதுல என் மனசு இருக்கும். உனக்கு இவங்க யாரையும் தெரியாது. நீ எடு” என்றாள். நான் இதிலொன்று அதிலொன்றாக எடுத்து, என் கையெழுத்திலேயே பட்டியல் எழுதினேன். அவள் அதை உறையில் போட்டு ஒட்டி பீரோவில் வைத்துப் பூட்டினாள். தேர்வு நாள் காலை அந்தப் பட்டியலைப் பார்த்து அவளே பொட்டலம் கட்டுவாள். லேப் அட்டெண்டரின் கை அதில் படாது. அப்போது எனக்கு ஏழு வயது. அதுமுதல் ஒவ்வொரு செமஸ்டருக்கும் அது என் உத்தியோகம்.

எனக்கு ஒன்பது வயதான கோடையில் அந்த உத்தியோகம் தெருவுக்கும் வந்தது. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். எந்தத் தெருவுக்கு முதலில் ஊற்றுவது என்பதில் குடங்கள் பறந்தன. ஒருநாள் நிஜமாகவே ஒரு குடம் பறந்து லாரி டிரைவரின் தோளில் விழுந்தது. ட்ரெயினிலிருந்து இறங்கி வந்த அம்மா நடுவில் போய் நின்றாள். “எங்க லேப்ல இதுக்கு ஒரு வழி இருக்கு. பண்ணிப் பார்க்கலாமா?” என்றாள். தெருக்களின் பெயரை எழுதி ஒரு காலிக் குடத்தில் போட்டாள். குடத்துக்குள் என் கை போனது. எங்கள் தெரு கடைசியாக வந்தது. அம்மா போய் வரிசையின் கடைசியில் குடத்தோடு நின்றாள். அன்றைக்கே ஊர் அடங்கிவிட்டது.

அதன் பிறகு ரேஷன் கடை வரிசை, பிள்ளையார் கோயில் பொங்கல் முறை என்று எதற்கெடுத்தாலும் “டீச்சர் பொண்ணைக் கூப்புடு, அது கை சுத்தம்” என்றார்கள். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, உள்ளங்கையை எல்லாருக்கும் திருப்பிக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். மந்திரவாதிக்குக் கூட அவ்வளவு பந்தா இருந்திருக்காது.

அந்த வருடம்தான் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். டீச்சர்தான் கவுன்சிலர் என்று தெருவே பேசியது. அம்மா விருப்ப மனு கொடுத்தாள். மனுவில் கையெழுத்துப் போடும்போது அவள் முகத்தில் இருந்த வெட்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கவுன்சிலரானால் முதல் வேலையாகக் குழாய்த் தண்ணீர் என்று ஒரு நோட்டில் தெருத் தெருவாகப் படம் வரைந்து வைத்திருந்தாள். லேபில் குறிப்பு எழுதுவதுபோல வால்வு, மோட்டார், எத்தனை வீடு என்று எல்லாம் அதில் இருந்தது. அந்த நோட்டை எனக்கும் காட்டினாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கும் வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஒரு சிக்கல். பெயரைச் சிபாரிசு செய்து மேலே அனுப்புகிறவர் வட்டச் செயலாளர். அவருடைய தம்பி மனைவியும் மனு கொடுத்திருந்தார். அந்தம்மாள் ஒரு கூட்டத்துக்கும் வந்தவர் அல்ல. செயலாளரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பழைய கிராமத்துக் குடும்பம். நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகி, அவர் சிமெண்ட் கடை வைத்திருந்தார். அவர் மகள் அம்மாவின் கல்லூரியில் அம்மாவிடமே படித்தாள். அவள் எனக்கு அக்கா.

“தம்பி பொண்டாட்டியை விட்டுட்டு உனக்கு ஏன் தரணும்? அரசியல்னா கொடுக்கல் வாங்கல்” என்று அப்பா ஒருநாள் தோசை திருப்பிக்கொண்டே சொன்னார். அப்பா சொல்லும் எல்லாமே பாதி கிண்டல். எந்தப் பாதி என்று எனக்குத்தான் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வீட்டுக்கு வந்தார். கையில் ஒயர் கூடை நிறைய, அவர் வீட்டு மரத்துக் கொய்யா.

“இன்னா டீச்சர், வேலையா கீறீங்களா?” என்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, “பொண்ணு போன தபா அந்த உப்புலதான் கோட்டை வுட்டுச்சு. நாளைக்கு மறுக்கா எழுதுது. சோறு தண்ணி இல்லாம அழுதுகினு கீது. நம்பரு இருபத்தேழு. ரெண்டும் ஏழும் ஒம்போது, நல்ல நம்பருதாம்மான்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குது. நீங்கதான் பாத்துக்கணும்” என்றார்.

“நல்லா படிக்கற பொண்ணு சார். பயம்தான் அவளுக்கு. அவளே பண்ணிடுவா” என்றாள் அம்மா. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

“பார்த்துக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?” என்றார் அப்பா.

“சொன்னா பார்த்துக்கணுமே.”

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கோ எல்லாம் பட்டப்பகல்போல விளங்கிவிட்டது. கொய்யா, இருபத்தேழு, பார்த்துக்கணும். இதுதான் கொடுக்கல் வாங்கல்! அம்மாவுக்கு ஏன் புரியவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இவ்வளவு படித்தவளுக்கு இது கூடவா தெரியாது?

அன்று சாயங்காலம் டம்ளர்கள் வந்தன. வழக்கம்போல அம்மா முதுகைத் திருப்பிக்கொண்டு காய் நறுக்கினாள். நான் எடுத்துக்கொண்டே போனேன். இருபத்தேழு என் விரலில் வந்தது. மற்ற டம்ளரில் கைவிட்டு ஒரு துண்டை எடுத்துப் பிரித்தேன். லெட் நைட்ரேட். என் தங்கப் பொடி! கடவுளே பார்த்து அனுப்பியதாக நினைத்தேன். நான் ஏமாற்றவில்லை, துண்டை மாற்றிப் போடவில்லை; அது தானாக வந்தது. ஒன்பது வயது நியாயத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

பட்டியல் பீரோவுக்குப் போனது. “கூடையைக் கொடுத்துட்டு வந்துடு. வெறுங்கூடையா கொடுக்கக் கூடாது” என்று அம்மா எங்கள் மரத்து முருங்கைக்காய் பத்துப் பதினைந்தை அதில் அடுக்கினாள். யாரிடமும் எதையும் சும்மா வாங்கிக்கொள்ளாதவள். கொய்யாவின் எடைக்கு முருங்கைக்காயின் எடை சரியாக இருக்கிறதா என்று கையில் தூக்கிக்கூடப் பார்த்தாள். அவள் நிறுக்காத ஒன்றும் அந்தக் கூடையோடு போனது.

அக்கா மொட்டைமாடியில் ரெக்கார்ட் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. நான் காதருகே போய், “உனக்கு லெட் நைட்ரேட்” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். “யாரு சொல்லச் சொன்னா? மேடமா?”

“ஐயோ, அம்மாவுக்குத் தெரியாது. நானேதான். நீ உங்கப்பாகிட்ட சொல்லி எங்கம்மாவுக்கு சீட் வாங்கிக் கொடுத்துடு.”

அக்கா சிரிக்கவில்லை. ரெக்கார்ட் நோட்டை மூடினாள். பிறகு முருங்கைக்காயை எடுத்து வைத்துவிட்டு, கூடையில் நாலு கொய்யாவைப் போட்டு என்னிடம் கொடுத்தாள். “யார்கிட்டயும் சொல்லாத. நேரா வூட்டுக்குப் போ.” நான் கொய்யாவைக் கடித்துக்கொண்டு, கவுன்சிலர் வீட்டுப் பெண்ணாகவே திரும்பி நடந்தேன்.

மறுநாள் அம்மா தேர்வு முடிந்து வந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“நேத்து கூடையைக் கொடுத்துட்டு வந்தியா?”

“கொடுத்துட்டேன்.”

“அக்காகிட்ட ஏதாவது பேசினியா?”

“இல்லையே. படிச்சிட்டிருந்தா. கொய்யா கொடுத்தா.”

அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சரி, போய்ப் படி” என்றாள். நான் தப்பித்துவிட்டேன் என்று எண்ணி உள்ளே ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து மாமா மூச்சிரைக்க வந்தார். நான் சமையலறையிலிருந்து காது கொடுத்தேன்.

“இன்னா டீச்சர் இது, மனுவை வாபஸ் வாங்குறேன்னு எழுதிக் கொடுத்துக்கினு வந்துட்டீங்களாமே? பேஜார் பண்றீங்களே! உங்க பேரு போட்டு லிஸ்ட் மேல போயாச்சு.”

“காலேஜ்ல லீவு தர மாட்டாங்க சார்.”

“நான் வந்து கேக்குறேன்.”

“வேணாம் சார். விட்டுடுங்க.”

அம்மாவின் குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்து நான் கேட்டதில்லை. அப்பா கிண்டல் எதுவும் செய்யாமல் வாசல் வரை போய் மாமாவை வழியனுப்பினார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. லிஸ்ட் போயாச்சு என்று மாமாவே சொல்கிறாரே! என் லெட் நைட்ரேட் வேலை செய்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுகிற நேரத்தில், பாழாய்ப்போன லீவு குறுக்கே வந்துவிட்டது. நானே உட்கார்ந்து கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். “மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களுக்கு, என் அம்மாவுக்குத் தேர்தல் இருப்பதால் அன்புகூர்ந்து ஐந்து வருடம் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, மகள்.” அம்மாவிடம் நீட்டினேன். படித்ததும் பக்கென்று சிரித்தாள். பிறகு கடிதத்தோடு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் மாடித் தொட்டிக் குழாய் திறந்தே இருந்தது. தண்ணீருக்கு அவ்வளவு அடித்துக்கொள்ளும் தெருவில் அம்மாவா இப்படிக் குழாயைத் திறந்துவிடுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமாவின் தம்பி மனைவி நின்றார். அம்மா வீடு வீடாகப் போய் அவருக்கு ஓட்டுக் கேட்டாள். தெரு தெருவாக வரைந்த நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் ஜெயித்தார். வெற்றி விழாவில் அம்மா நன்றியுரை சொன்னாள். அடுத்த தேர்தலிலும் கேட்டார்கள். லீவு கிடைக்காது என்றாள். துறைத் தலைவியாகி, ஓய்வு பெற்று, லீவு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போன பிறகும் ஒருமுறை கேட்டார்கள். வயதாகிவிட்டது என்றாள். இப்போதும் கூட்டங்களுக்குப் போகிறாள். இப்போதும் நன்றியுரைதான்.

அந்த அக்காவை வெகுகாலத்துக்குப் பிறகு தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தேன். பொழிச்சலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். எனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்திருந்தது. செங்கல்பட்டு வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்றார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் அவளாகச் சொன்னாள்.

“அன்னிக்கு மேடம் எங்கிட்ட பொட்டலத்தைக் கொடுத்தாங்க இல்ல, நான் பிரிக்கவே இல்ல. எழுந்து நின்னு, மேடம், இது என்னன்னு எனக்குத் தெரியும், வேற கொடுங்கன்னு சொன்னேன்.”

“ஏன்கா?”

“போன தடவை பயத்துல எல்லாத்தையும் கொட்டிட்டேன்டி. இந்தத் தடவையாவது எனக்குத் தெரியாத ஒண்ணை நானே கண்டுபிடிச்சுப் பார்க்கணும்னு இருந்துச்சு. நீ வந்து சொல்லிட்டுப் போயிட்ட. ராத்திரி பூரா உம்மேல அவ்ளோ கோவம்.”

“அம்மா யார் சொன்னான்னு கேட்டாங்களா?”

“கேக்கல. திறந்து வெச்சிருந்த பேனாவை மூடினாங்க. நீ லிஸ்ட் எழுதினது, அதை பீரோல பூட்டி வெச்சது, எல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. வேற உப்பு கொடுத்தாங்க. கண்டுபிடிச்சிட்டேன். ஃபர்ஸ்ட் டைம் பச்சையா தீ எரிஞ்சுது பாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

நான் தயங்கித் தயங்கி, “அப்போ மாமா கொய்யா கொண்டுவந்தது?” என்று கேட்டேன்.

அக்கா சிரித்தாள். “அது சும்மா கொண்டாந்ததுடி. எங்க வூட்ல காய்ச்சா தெருவுக்கே கொடுப்பாரு. உங்கம்மா பேரை அவரு அதுக்கு முந்தின வாரமே அனுப்பிட்டாரு. சித்தி அதுக்காக எங்க வூட்டுக்கு ஆறு மாசம் வரவே இல்ல.”

நான் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மாமா பேரம் பேசவில்லை. அக்கா காப்பியடிக்கவில்லை. அம்மா வளைந்து கொடுக்கவில்லை. கொடுக்கல் வாங்கல் என்று பேசிய அப்பாகூடத் தோசைதான் சுட்டார். அந்த முழு விவகாரத்திலும் ஊழல் செய்த ஒரே ஆள் நான்தான். அதுவும் ஓட்டுப் போடவே இன்னும் ஒன்பது வருடம் பாக்கியிருந்த ஆள்.

அம்மாவிடம் இதை நான் இன்றுவரை கேட்கவில்லை. ஏன் வாபஸ் வாங்கினாய் என்று கேட்டால், லீவு கிடைக்கவில்லை என்றுதான் சொல்வாள். தேர்தலில் நின்றிருந்தால், வார்டு முழுக்க நம்பிய என் கையைக் காட்டித்தான் அவள் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்திருக்கும். அப்படிக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தக் கையைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. இது நானாகச் செய்துகொண்ட ஊகம். தீயில் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் அடுத்த கோடையில் நடந்ததற்கு ஊகம் தேவையில்லை. தண்ணீர் லாரி வந்து நின்றது. அம்மா துண்டுக் காகிதங்களைக் குடத்தில் போட்டாள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, உள்ளங்கையைக் காட்டத் தயாராக முன்னால் போனேன். அம்மா குடத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நீ வேணாம்மா. உனக்குப் பத்து முடிஞ்சிடுச்சு.”

“அதனால?”

அம்மா ஒரு நொடி யோசித்தாள். “பத்து வயசுக்குள்ள இருக்கற கைதான் எடுக்கணும். அதான் ரூல்” என்றாள். என் தலையைத் தடவிவிட்டு, இஸ்திரிக்காரர் மகளை, ஐந்து வயதுப் பொடிசை, கூப்பிட்டாள். அது பயந்துகொண்டே குடத்துக்குள் கைவிட்டது.

எனக்குத் துளிகூட வருத்தமில்லை. இப்படியொரு ரூல் இருப்பது எனக்கு முன்னமே தெரியாமல் போனதே என்பதுதான் குறை. வரிசையில் குடத்தோடு நின்ற ஒவ்வொருவரிடமும் போய் நானே விளக்கிச் சொன்னேன். அடுத்த தெருவுக்கும் ஓடினேன். ஏன் பாப்பா நீ எடுக்கலை என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்து, கேட்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “எனக்குப் பத்து முடிஞ்சிடுச்சு. இனிமே நான் எடுக்கக் கூடாது. எங்கம்மாவே சொல்லிட்டாங்க” என்றேன்.